கை கழுவுவது முதல் கண் மூடுவது வரை: யூத வாழ்வில் கவானாவைப் பழகுவதற்கு ஒரு வழிகாட்டி

எபிரேய மொழியில் 'கவானா' என்று ஒரு சொல் உண்டு. ஒன்றை நோக்கித் திருப்புதல், நேராக்குதல் என்னும் பொருளுள்ள வேரிலிருந்து அது பிறந்தது. ஒரு செயலை யார் முன்னிலையில், யாருடைய கட்டளைப்படி, எதற்காகச் செய்கிறோம் என்று அறிந்து, மனத்தை அதன்மேல் திருப்பிச் செய்வதே கவானா. ரபி (யூத சமய ஆசிரியர்) ஒருவரிடம் படித்து யூத சமயத்தைத் தழுவ இருப்பவர்களும், யூதக் குடும்பத்தில் பிறந்தும் அனுஷ்டானங்கள் இன்றி வளர்ந்து இப்போது அவற்றுக்குத் திரும்புபவர்களும், இச்சொல்லைப் பெரும்பாலும் ஜெப ஆலயத்தில்தான் முதலில் கேள்விப்படுகிறார்கள். அதனால் இது பிரார்த்தனைக்கு மட்டும் உரிய ஒரு மனநிலை என்று எண்ணிவிடுகிறார்கள். யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களைத் தொகுத்த தல்மூத் என்னும் நூல் அப்படிச் சொல்லவில்லை. தோராவின், அதாவது மோசேயின் ஐந்து நூல்களில் உள்ள இறைச்சட்டத்தின், அடிப்படைகள் அனைத்தும் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு சிறு பகுதி எது என்று அதில் பார் கப்பாரா என்னும் அறிஞர் கேட்டு, நீதிமொழிகள் 3:6-ஐ விடையாகத் தருகிறார்: 'உன் வழிகளிலெல்லாம் அவரை அறிந்திரு.' வழிகளெல்லாம் என்னும்போது சமையலறை, கழிப்பறை, கடைவீதி, படுக்கை ஆகிய எல்லாமும் அதில் அடங்கிவிடுகின்றன.

இக்கட்டுரை பழைய சட்டங்களை முழுமையாகக் கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் வழக்கத்தை ஒட்டி எழுதப்பட்டுள்ளது. அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய), செஃபார்டி (ஸ்பெயின் வழிவந்த) மரபுகளுக்கிடையே சிறு வேறுபாடுகள் உண்டு. கன்சர்வேட்டிவ், ரிஃபார்ம் என்னும் பிற பிரிவுச் சமூகங்களில் வேறுபாடுகள் இன்னும் அதிகம். உங்களுக்குக் கற்பிக்கும் ரபியின் சொல்லே இங்கு எழுதியிருப்பதைவிட மேலானது.

தொடங்கும் முன் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். கவானா என்று பேசும்போது நூல்கள் ஒரே பொருளைக் குறிப்பதில்லை. 'இஸ்ரவேலே, கேள்' என்று தொடங்கும் ஷேமாவை ஓதுதல், கைகளுக்கு நீர் வார்த்தல் போன்ற கட்டளைகளைச் செய்யும்போது, 'இது எனக்கு இடப்பட்ட கட்டளை, அதை இப்போது நிறைவேற்றுகிறேன்' என்ற அறிவு வேண்டும். அந்த அறிவு இல்லாமல் செய்தால் கட்டளை நிறைவேறுமா என்று தல்மூத் வாதிடுகிறது. 1565-இல் வெனிஸ் நகரில் அச்சான ஷுல்கான் ஆருக் என்னும் சட்டத் தொகுப்பில், நிறைவேறாது என்ற பக்கமே அதன் ஆசிரியர் யோசேப்பு காரோ தீர்ப்பளிக்கிறார். வாயால் சொல்லும் சொற்களின் பொருளில் மனம் நிற்பது இன்னொரு வகை. உண்பது, உறங்குவது, சம்பாதிப்பது போன்ற, கட்டளையும் அல்லாத விலக்கும் அல்லாத செயல்களை 'வானுலகின் பொருட்டு', எபிரேயத்தில் 'லெஷேம் ஷமாயிம்', செய்வது மூன்றாவது வகை. புதியவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவதிலிருந்து தொடங்கி, எல்லாவற்றிலும் இறையுணர்வு பொங்க வேண்டும் என்று முயன்று, இரண்டு வாரங்களில் சோர்ந்துவிடுகிறார்கள். முதல் வகைதான் எளிது. அதற்கு உணர்ச்சி தேவையில்லை, ஒரு நொடி நிற்றல் போதும். எனவே நான் சொல்லும் வரிசையும் அங்கிருந்தே தொடங்குகிறது.

முதல் படி: கண் விழித்ததும் பன்னிரண்டு சொற்கள்

விழித்தவுடன், படுக்கையில் இருந்தபடியே, 'மோதே அனி' என்று தொடங்கும் சிறு நன்றியுரை சொல்லப்படுகிறது. பெண்கள் 'மோதா அனி' என்பார்கள். என்றும் வாழும் அரசரே, இரக்கத்தோடு என் உயிரை எனக்குத் திருப்பித் தந்தீர், உம் நம்பகத்தன்மை பெரியது என்பது இதன் பொருள். எபிரேயத்தில் பன்னிரண்டே சொற்கள். இறைவனின் திருப்பெயர் இதில் வராததால், கை கழுவும் முன்பே சொல்லலாம். பதினாறாம் நூற்றாண்டில் சாஃபேத் நகரில் வாழ்ந்த மோசே பென் மக்கீரின் நூலில் இது காணப்படுகிறது. ஆகவே பிற பிரார்த்தனைகளோடு ஒப்பிட்டால் இது இளையது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 'இரக்கத்தோடு' என்னும் சொல்லுக்குப் பிறகு சற்று நிறுத்தி, 'உம் நம்பகத்தன்மை பெரியது' என்று தனியாகச் சொல்வார்கள். கடைசிச் சொற்கள் புலம்பல் 3:23-இலிருந்து வருபவை. அந்த நிறுத்தத்தையே உங்கள் முதல் கவானா பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம். மற்ற பத்துச் சொற்களைத் தூக்கக் கலக்கத்தில் சொன்னாலும் பரவாயில்லை, அந்த இடத்தில் ஒரு மூச்சு நில்லுங்கள். கைப்பேசியைத் தொடுவதற்கு முன் இது முடிந்துவிட வேண்டும் என்பது என் கறாரான பரிந்துரை.

இரண்டாம் படி: நீர்

அடுத்து 'நெதிலாத் யதாயிம்', அதாவது கைகளுக்கு நீர் வார்த்தல். இதற்கென இரண்டு கைப்பிடிகள் கொண்ட குவளை ஒன்று பெரும்பாலான யூத வீடுகளில் இருக்கும். காலையில் வலக்கையில் ஒருமுறை, இடக்கையில் ஒருமுறை என்று மாற்றி மாற்றி, ஒவ்வொரு கைக்கும் மூன்று முறை வார்க்கிறார்கள். அழுக்கைப் போக்குவதற்கான கழுவல் அல்ல இது. கை அழுக்காயிருந்தால் அதை முன்பே கழுவிவிட வேண்டும். இந்த ஒரு செய்தியைப் புரிந்துகொண்டாலே கவானாவின் பாதி வந்துவிடுகிறது, ஏனெனில் சுத்தமான கையின்மேல் நீர் விழும்போது அது வேறு எதற்காகவோ விழுகிறது என்று உடலே உணர்ந்துகொள்கிறது.

ரொட்டி உண்ணும் முன்பும் நீர் வார்க்க வேண்டும். அப்போது முறை மாறுகிறது: முதலில் வலக்கைக்கு அடுத்தடுத்து இரண்டு அல்லது மூன்று முறை, பிறகு இடக்கைக்கு அதேபோல். ஆசிமொழியை, அதாவது இறைவனைப் போற்றும் குறுவாசகத்தை, சொல்லிக் கையைத் துடைத்ததிலிருந்து, ரொட்டிக்குரிய ஆசியைச் சொல்லி முதல் துண்டை விழுங்கும் வரை பேசுவதில்லை. வார ஓய்வுநாளான சபாத்தின் விருந்தில் புதிதாக அமர்ந்தவர்களுக்கு இந்த மௌனம் குழப்பமாக இருக்கும். மேசையைச் சுற்றி எல்லோரும் சைகையில் உப்புக் கிண்ணத்தைக் கேட்பதைப் பார்த்துச் சிரிப்பும் வரலாம். நாள் முழுவதும் பேசிக்கொண்டிருக்கும் ஒருவருக்குச் சட்டமே தந்திருக்கும் இடைவெளி அது.

மூன்றாம் படி: கழிப்பறைக்கு வெளியே

எல்லாப் பயிற்சிகளிலும் எதை முதலில் உறுதியாகப் பற்றிக்கொள்வது என்று கேட்டால், 'அஷேர் யட்ஸார்' ஆசியைத்தான் நான் சொல்வேன். கழிப்பறை சென்று வந்து கை கழுவிய பின், வெளியே நின்று சொல்லப்படும் இது, தல்மூதின் பெராகோத் பகுதியில் அபாயே என்னும் ஆசிரியரின் பெயரால் வருகிறது. மனிதனை ஞானத்தோடு உருவாக்கி, அவனுக்குள் துளைகளையும் உட்குழிவுகளையும் அமைத்தவர் போற்றப்படுகிறார். அவற்றுள் ஒன்று திறந்துகொண்டாலோ, ஒன்று அடைத்துக்கொண்டாலோ உயிர் நிலைத்து நிற்க இயலாது என்பது உமக்குத் தெரியும் என்று அது தொடர்கிறது. எல்லா உடலையும் குணமாக்குபவர், வியப்பானவற்றைச் செய்பவர் என்று முடிகிறது.

இது சிறந்த தொடக்கம் என்பதற்குக் காரணங்கள் உண்டு. ஒரு நாளில் பலமுறை வாய்ப்பு தானாக வருகிறது. நினைவூட்டல் எதுவும் வேண்டாம். சொற்களின் பொருளை நம்புவதற்கு இறையியல் படிப்பு தேவையில்லை. சிறுநீரகக் கல்லோ மலச்சிக்கலோ ஒருமுறை வந்தவருக்கு விளக்கவும் தேவையில்லை. தனியாக நின்று சொல்வதால் பிறர் பார்க்கிறார்களே என்ற கூச்சமும் குறைவு. பல வீடுகளில் இதன் வாசகத்தை அச்சிட்டு, கழிப்பறைக்கு வெளியே உள்ள சுவரில் மாட்டியிருப்பார்கள். உள்ளே மாட்டக்கூடாது, உள்ளே நின்று சொல்லவும் கூடாது. முதல் மாதம் மனப்பாடம் செய்ய முயலாமல், சுவரில் உள்ளதைப் பார்த்தே மெதுவாகப் படியுங்கள். மனப்பாடமானதும் நாக்கு தானாக ஓடத் தொடங்கும், கவானாவுக்கு முதல் பகை அந்த ஓட்டம்தான்.

நான்காம் படி: வாய்க்குள் போகும் ஒவ்வொன்றும்

ஆசிமொழி சொல்லாமல் இவ்வுலகில் எதையும் அனுபவிப்பது மனிதனுக்குத் தடை என்று பெராகோத் பகுதி கூறுகிறது. உண்ணும் முன் சொல்லும் ஆசிகள் ஆறு: ரொட்டிக்கு ஒன்று, தானிய மாவுப் பண்டங்களுக்கு ஒன்று, திராட்சை ரசத்துக்கு ஒன்று, மரத்தின் கனிக்கு ஒன்று, நிலத்தின் விளைச்சலுக்கு ஒன்று, நீர், பால், இறைச்சி போன்ற மற்ற அனைத்துக்கும் 'அவர் சொல்லால் எல்லாம் உண்டானது' என்னும் பொதுவான ஒன்று. எது எதில் சேரும் என்று கற்பதற்குச் சில மாதங்கள் ஆகும். வாழைப்பழம் மரக்கனி வரிசையில் சேராது. வாழை மரமல்ல என்பதால் அதற்கு நிலத்தின் விளைச்சலுக்குரிய ஆசியே. அரிசிச் சோறு இன்னும் விநோதமானது: ஷுல்கான் ஆருக் படி அதற்கு முன்னால் தானியப் பண்டத்தின் ஆசி, பின்னால் சாதாரண உணவுகளுக்குரிய குறுகிய ஆசி. மூன்று வேளையும் அரிசியோடு வளர்ந்த ஒருவர் யூத வாழ்வுக்குள் வந்தால் இதை முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். இட்லி, தோசை போல அரைத்துக் கலந்த மாவில் செய்பவற்றை ரபியிடம் தனியாகக் கேட்பது நல்லது.

செய்முறை இது. உணவை வலக்கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் தங்கள் வழக்கத்தை ரபியிடம் கேட்கலாம். எந்த ஆசி என்று முதலில் மனத்தில் முடிவு செய்யுங்கள்; வாயைத் திறந்த பிறகு யோசிக்கக் கூடாது. உணவை ஒரு கணம் பாருங்கள். சொல்லுங்கள். இடைவெளி விடாமல் கடியுங்கள். பக்கத்தில் இருப்பவர் ஆமென் சொன்னால், உங்கள் சொல்லுக்கு ஒரு சாட்சி கிடைத்துவிடுகிறது.

இங்கே ஆர்வக்கோளாறுக்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். தேவையில்லாத இடத்தில் இறைவனின் திருப்பெயரோடு ஆசி சொல்வது வீணான ஆசி எனப்பட்டு விலக்கப்பட்டுள்ளது. ஆசியைப் பற்றிச் சந்தேகம் எழுந்தால் பொதுவாகச் சொல்லாமல் விடும் பக்கமே சட்டம் சாய்கிறது. எனவே பயிற்சிக்காகத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது திருப்பெயரின் இடத்தில் 'ஹஷேம்', அதாவது 'அந்தப் பெயர்', என்று சொல்லிப் பழகுங்கள். ஒரு நாளில் நூறு ஆசிகள் சொல்ல வேண்டும் என்று ரபி மேயர் கூறியதைக் கேட்டுப் புதியவர்கள் மலைத்துப்போவதும் உண்டு. வாரநாளில் நின்றபடி மூன்று வேளை சொல்லும் அமிதா பிரார்த்தனைகளிலேயே தலா பத்தொன்பது வீதம் 57 வந்துவிடுகின்றன. ஆகவே எண்ணிக்கை பயமுறுத்தும் அளவுக்குப் பெரிதல்ல. ஆனாலும் முதல் ஆண்டில் எண்ணிக்கையைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. தாகத்துக்குக் குடிக்கும் நீர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குரிய ஆசியை ஒரு மாதம் விடாமல் கவனத்தோடு சொல்லுங்கள்.

ரொட்டியோடு உண்ட பின் 'பிர்கத் ஹமாசோன்' என்னும் நீண்ட ஆசி உண்டு. உபாகமம் 8:10-இல் உண்டு திருப்தியடைந்து போற்றுவாயாக என்று வருவதே இதன் அடிப்படை. பசிக்கும்போது கடவுளை நினைப்பது எளிது. வயிறு நிறைந்தபின் நினைப்பதையே தோரா நேரடியாகக் கேட்கிறது.

ஐந்தாம் படி: மனம் ஓடிவிட்டால்

ஓடத்தான் செய்யும். இதைப் பற்றி தல்மூதின் இரு வடிவங்களில் ஒன்றான எருசலேம் தல்மூதில் ஒரு பகுதி இருக்கிறது. புதியவர்கள் அனைவருக்கும் முதல் பாடமாகவே அதைக் கற்பிக்கலாம். தான் வாழ்நாளில் ஒருமுறைதான் கவானாவோடு பிரார்த்திக்க முயன்றதாகவும், அப்போதும் அரசன் முன்னிலையில் எந்த அதிகாரி முதலில் நுழைவார் என்ற எண்ணம் வந்துவிட்டதாகவும் ரபி ஹிய்யா சொல்கிறார். தான் பறவைக் குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்ததாக ஷ்முவேல் சொல்கிறார். கட்டடத்தின் செங்கல் வரிசைகளை எண்ணியதாக இன்னொருவர் சொல்கிறார். அமிதாவில் குனிந்து நன்றி சொல்லும் மோதிம் என்னும் இடம் வந்ததும் தானாகவே குனிந்துவிடும் தன் தலைக்கு நன்றிக்கடன் பட்டிருப்பதாக ரபி மத்தன்யா சொல்கிறார். சட்டத்தை உருவாக்கியவர்களின் ஒப்புதல் வாக்குமூலங்கள் இவை!

சட்டமும் இதற்கேற்ப இறங்கி வருகிறது. ஷேமாவின் முதல் வரிக்கும், அமிதாவின் முதல் ஆசிக்கும் கவானா கட்டாயம். அமிதாவின் முதல் ஆசியில் கவனம் தவறினால் திரும்பச் சொல்ல வேண்டுமே என்ற கேள்விக்கு, போலந்தின் கிராகோவைச் சேர்ந்த சட்ட அறிஞர் மோசே இசெர்லெஸ், திரும்பச் சொல்லும்போதும் கவனம் இருக்காது என்பதே இக்கால நிலைமை, ஆகவே எதற்காகத் திரும்பச் சொல்வது என்று பதினாறாம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். ஷேமாவின் முதல் வரியைச் சொல்லும்போது வலக்கையால் கண்களை மூடிக்கொள்ளும் வழக்கமும் மனம் சிதறாமல் இருப்பதற்காகத்தான். மனம் ஓடியது தெரிந்தால், அடுத்த சொல்லிலிருந்து பிடித்துக்கொள்ளுங்கள். ஓடிப்போனதற்காக வருந்திக்கொண்டிருப்பது இரண்டாவது கவனச்சிதறல்.

ஆறாம் படி: வேலையும் வீடும்

முதல் ஐந்து படிகளில் ஆசிமொழி என்ற கைப்பிடி இருந்தது. இங்கே அது இல்லை. கணக்கு எழுதுவதற்கும், பேருந்து ஓட்டுவதற்கும், வீட்டைப் பெருக்குவதற்கும் ஆசிமொழி கிடையாது. எல்லாச் செயல்களும் வானுலகின் பொருட்டு ஆகட்டும் என்று ரபி யோசே கூறியதாக தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா என்னும் தொகுப்பின் அவோத் பகுதி சொல்வதை இங்குதான் நடைமுறைப்படுத்த வேண்டியிருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிடஸ் தம் சட்டத் தொகுப்பில் இதை விரித்துரைக்கிறார். ஒருவர் வணிகம் செய்யும்போதோ கூலிக்கு உழைக்கும்போதோ, பணம் சேர்ப்பதை மட்டும் நெஞ்சில் வைக்காமல், உடலுக்கு வேண்டியதைப் பெற்று இறைவனை அறிய வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்ய வேண்டும். உடல் நோயுறாமல் இருக்கவும் மனம் இளைப்பாறவும் உறங்கினால் அந்த உறக்கமும் இறைத்தொண்டே ஆகிறது என்பது அவர் கருத்து.

இதைவிட எனக்கு நெருக்கமானது ஹில்லெல் என்னும் பண்டைய ஆசிரியரைப் பற்றிய கதை. மாணவர்களிடமிருந்து விடைபெற்றுச் செல்லும் அவரிடம், எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறார்கள். ஒரு கட்டளையை நிறைவேற்றப் போகிறேன் என்கிறார். என்ன கட்டளை என்று கேட்டால், குளிப்பது என்கிறார். அதிலென்ன கட்டளை என்று வியக்கிறவர்களிடம், அரங்குகளில் நிற்கும் அரசனின் சிலைகளைத் துடைத்துக் கழுவ ஆள் நியமித்துச் சம்பளமும் கொடுக்கிறார்களே, இறைச் சாயலில் படைக்கப்பட்ட என்னை நான் எவ்வளவு கவனித்துக்கொள்ள வேண்டும் என்று பதில் சொல்கிறார். அவர் குளியலில் எதையும் கூடுதலாகச் சேர்க்கவில்லை. கிளம்பும்போது ஒரு வாக்கியம் சொன்னார், அவ்வளவுதான். நீங்களும் அதையே செய்யலாம். வேலை தொடங்கும் முன், இந்தச் சம்பளம் எதற்கு என்று ஒரு வாக்கியம் உங்கள் தாய்மொழியில் சொல்லிக்கொள்ளுங்கள்: பிள்ளையின் படிப்புக்கு, பெற்றோரின் மருந்துக்கு, தர்மத்துக்கு. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தர்மத்துக்கு ஒதுக்கும் 'மாசேர்' வழக்கத்தை, உங்கள் வசதிக்கேற்ற அளவில், சம்பளம் வந்த நாளிலேயே தொடங்கினால் அந்த வாக்கியம் வெறும் சொல்லாக நின்றுவிடாது.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. மரத்தின் உச்சியிலும் கட்டுமானத்தின் மேலும் நின்றபடியே தொழிலாளர்கள் ஷேமா ஓதலாம் என்று மிஷ்னா அனுமதிக்கிறது. கூலியாட்கள் உணவுக்குப் பிந்தைய ஆசியைச் சுருக்கிச் சொல்ல வேண்டும் என்று தல்மூத் விதித்தது. முதலாளியின் நேரத்தை எடுத்துக்கொண்டு பக்தி செய்யக் கூடாது என்பதே காரணம். பிற்காலத்தில் முதலாளிகள் இதைப் பொருட்படுத்துவதில்லை என்பதால் முழுமையாகவே சொல்லும் வழக்கம் வந்தது. ஆனாலும் அலுவலக நேரத்தில் நீண்ட பிரார்த்தனைக்கு எழுந்து போகும் புதியவர்கள் இந்தச் சட்டத்தின் அடிப்படையை ஒருமுறை எண்ணிப்பார்க்க வேண்டும். இறுதித் தீர்ப்பின்போது மனிதனிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, கொடுக்கல் வாங்கலில் நேர்மையாக இருந்தாயா என்பதுதான் என்று தல்மூதின் ஷபாத் பகுதி சொல்கிறது.

வீட்டுவேலையைப் பொறுத்தவரை, சபாத் நாளே பெரிய துணை. கடையில் நல்ல பழமோ மீனோ கண்ணில் பட்டால், 'சபாத்தின் மதிப்புக்காக' என்று வாய்விட்டுச் சொல்லி வாங்கும் வழக்கம் உண்டு. ஹில்லெலின் காலத்தவரான ஷம்மாய் நல்ல விலங்கைக் கண்டால் இது சபாத்துக்கு என்பார் என்றும், அதைவிட நல்லது கிடைத்தால் புதியதைச் சபாத்துக்கு வைத்துவிட்டு முதலாவதை உண்பார் என்றும் சொல்லப்படுகிறது. சபாத் ஏற்பாட்டைப் பெண்களின் தலையில் மட்டும் கட்டிவிடும் வீடுகளுக்குத் தல்மூதின் இன்னொரு பகுதியை நினைவூட்டலாம்: ரவ் ஹிஸ்தா பீட்ரூட் கீரை நறுக்கினார், ரப்பாவும் ரவ் யோசேப்பும் விறகு பிளந்தார்கள், ரபி சேரா அடுப்பைப் பற்றவைத்தார், ராவா மீனுக்கு உப்புத் தடவினார். பணியாட்களை வைத்துச் செய்திருக்கக்கூடிய பேரறிஞர்கள்தான் இவர்கள்.

கடைசிப் படி: படுக்கை

உறங்கும் முன் ஷேமாவும், தூக்கத்தைக் கண்களில் விழச் செய்பவரைப் போற்றும் 'ஹமாப்பில்' ஆசியும் சொல்லப்படுகின்றன. ஹமாப்பில் சொன்ன பிறகு பேசாமல் உறங்கிவிடுவது வழக்கம். ஆகவே கதவைத் தாழிட்டு, பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டுத் தொடங்குங்கள். பல பிரார்த்தனை நூல்களில் இவற்றுக்கு முன்னால் இன்னொரு பத்தி இருக்கும்: எனக்குக் கோபமூட்டியவர்களையும், எனக்கு எதிராகத் தவறு செய்தவர்களையும் மன்னித்துவிட்டேன் என்ற அறிவிப்பு அது. மார் சூத்ரா என்னும் அறிஞர் படுக்கையில் ஏறும்போது, தன்னை வருத்திய அனைவரையும் மன்னிப்பதாகச் சொல்வார் என்று தல்மூத் குறிப்பிடும் வழக்கத்தை இது நினைவூட்டுகிறது. யார்மீது கோபமோ அந்த ஒருவரின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவந்து இதைச் சொல்லிப் பாருங்கள். பெயர் எதுவும் நினைக்காமல் சொல்வது எளிது, ஆனால் அதில் கவானா இல்லை. சில இரவுகளில் சொல்ல முடியாமல் போகும். அந்த இரவில் பொய்யாகச் சொல்லாமல், அடுத்த நாளுக்கு விட்டுவைக்கலாம்.

விளக்கை அணைக்கும் முன், இரு கைப்பிடிக் குவளையில் நீர் நிரப்பி, ஒரு கிண்ணத்தோடு கட்டிலருகே வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பன்னிரண்டு சொற்கள் முடிந்ததும் கைக்கெட்டும் தூரத்தில் அது இருக்கட்டும்.